இல்லை என்று சொல்லாத பக்கம்

அன்று காலை ஆபீஸ் அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் முதலாளி. எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். கணக்கு எழுதும் அக்கா, பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலில் வருபவர், தன் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். மேஸ்திரி கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் உள்ளே வராமல் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால். வரவேண்டியவர்களில் வராதவர் ஒருவர்தான்: பெரிய பாய், முதலாளியின் அண்ணன். சென்னையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஷெட்டில் போட்ட பணத்தில் பெரும்பங்கு அவருடையது. "நெட்டு கிட்டு எல்லாம் என்கிட்ட காட்டாதே. பெருநாள் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள புது பார்ட்டி புடிச்சியா, சரி. இல்லியா, ஷெட்ட வித்துட்டு கடைக்கு வந்து கல்லாவுல உக்காரு" என்று முந்தின நாளே தம்பியிடம் போனில் சொல்லிவிட்டார்.

அதனால்தான் அந்தக் காலை அவ்வளவு முக்கியமாக இருந்தது. எங்கள் கம்பெனியின் வெப்சைட்டை அன்றுதான் முதன்முதலாகத் திறந்து பார்த்தோம். செய்தவன் நான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பின்வரிசையில் இருந்தது எங்கள் ஷெட். கல் உடைக்கும் கிரஷர்களுக்குச் சல்லடை வலை செய்வோம். தடிக் கம்பியை அலை அலையாக மடித்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஓரத்தில் கொக்கி மடித்துக் கொடுப்பது. உடைந்த கல் இந்த வலைமேல் குதித்துக்கொண்டு ஓடும். சின்னது கீழே விழும், பெரியது மேலே நிற்கும். தொழிலில் அதற்கு மெஷ் என்று பெயர். மேஸ்திரி பொதட்டூர்பேட்டைக்காரர். அங்கே விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், இங்கே கம்பித்தறி ஓட்டினார். "நூலு அறுந்தா முடிச்சு போடலாம், இது அறுந்தா மூஞ்சில அடிக்கும், அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

பல வருடமாக எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தது ஒரே கம்பெனி. கிரஷர் மிஷின் செய்கிறவர்கள். நாங்கள் பின்னியதையெல்லாம் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அந்த வருடம் அவர்களே சொந்தமாகத் தறி போட்டுவிட்டார்கள். எங்கள் ஷெட்டில் இரண்டு ஷிஃப்ட் ஒன்றானது. அந்த ஒன்றிலும் மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மெஷ் வேறு யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்த வேண்டிய தேவையே அதுவரை வந்ததில்லை.

பாய் பழவேற்காட்டுக்காரர். அண்ணன் கடையில் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, அது பிடிக்காமல், ஏதாவது ஒன்றைக் கையால் செய்து விற்க வேண்டும் என்று இங்கே வந்தவர். ஷெட்டை விற்றுவிட்டு மறுபடியும் அந்தக் கல்லாவுக்குப் போவது என்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். பெருநாள் என்ற வார்த்தை வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

என்னை அவர் வேலைக்கு எடுத்தது பில் அடிக்க. திருப்பாச்சூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர் எனக்கு. அப்பா அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும் பார்ப்பவர். வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். திருவள்ளூரில் கம்ப்யூட்டர் டிகிரி முடித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரூம் எடுத்து மூன்று பேரோடு தங்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்து ஊருக்குப் போவேன். போனால் அப்பா கேட்பார், "இன்னாடா, மூட்டை கீட்டை தூக்கச் சொல்றாங்களா?" என்று. இல்லை, உட்கார்ந்த இடத்தில்தான் வேலை என்றால் அவருக்குக் கொஞ்சம் சந்தேகமாகவே இருக்கும். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்குகிறவன் எப்போது வேண்டுமானாலும் எழுப்பப்படுவான் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த வருடம் எனக்கும் அதே சந்தேகம்தான்.

வெப்சைட் யோசனை பாயுடையது. "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே தம்பி நீ? நெட்டுல தேடுனா நம்ம பேரு வரணும். வர வைக்க முடியுமா?" என்றார். முடியும் என்றேன். பக்கம் செய்யத் தெரியும். அதைத் தேடுகிறவன் கண்ணில் படவைக்கத் தெரியாது. ஸ்டேஷன் பக்கத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இங்கிலீஷில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: கீவேர்டு. வாடிக்கையாளர் எந்த வார்த்தையை அடித்துத் தேடுவாரோ அந்த வார்த்தை உன் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பாயிடம் வந்து, "இன்னா இன்னா வார்த்தை போடலாம்னு சொல்லுங்க பாய்" என்றேன்.

"எல்லாத்தையும் போடு" என்றார்.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பேட்டையில் அதுதான் வழக்கம். யாராவது வந்து ஒரு சாமான் கேட்டால் எந்த ஷெட்டிலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "உக்காருங்க, டீ சாப்புடுங்க" என்று நாற்காலி போடுவார்கள். பின்பக்கமாக ஒரு ஆள் சைக்கிளில் கிளம்பி அடுத்த தெருவுக்குப் போவார். டீ தீர்வதற்குள் சாமான் வந்துவிடும், அல்லது எப்போது வரும் என்ற செய்தியாவது வந்துவிடும். எங்களிடம் போல்ட்டு கேட்டவர்களுக்கும் பாய் அப்படிக் கொடுத்திருக்கிறார். எதிர் ஷெட்டுக்காரர் எங்கள் மெஷ்ஷைத் தன்னுடையது என்று விற்றிருக்கிறார். யாருக்கும் வருத்தம் கிடையாது. பாயின் வாப்பா பழவேற்காட்டில் கடை வைத்திருந்தபோதும் இதே கதைதான். "இல்லன்னு ஒரு தடவ சொல்லிட்டா அந்த ஆளு கால் வேற கடைக்குப் பழகிடும் தம்பி" என்பார் பாய்.

ஆகவே எல்லாவற்றையும் போட்டோம். அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மெஷ், கன்வேயர் ரோலர், போல்ட்டு, நட்டு, தண்ணி டேங்க், கேட்டு, கிரில், கொசு வலை, கோழிக்கூண்டு வலை. மேஸ்திரி வாசலிலிருந்து, "பேரிங் போடு, பேரிங் எல்லாரும் கேப்பாங்க" என்றார். பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மீன் காயப்போடற வலை. அதையும் போடு. எங்க ஊர்ல மணல்லதான் காயப்போடறான், வலையில போட்டா மண்ணு ஒட்டாது" என்றார்.

"கல்யாண மண்டபமும் போட்டுடுங்க பாய்" என்றார் அக்கா. "மத்தியானத்துக்கு மேல ஷெட்டு காலியாதானே கீது."

"வாய் இருக்கே உனக்கு" என்றார் பாய். ஆனால் சிரித்தார்.

இவ்வளவையும் கண்ணுக்குத் தெரியும்படி எழுதினால் பக்கம் பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கும். அதற்கும் ஒரு வழி படித்திருந்தேன். பக்கத்தின் அடியில், வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்தாகப் போட்டுவிட்டேன். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, தேடுகிற மிஷினுக்குத் தெரியும் என்று ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு புத்திசாலி எழுதியிருந்தான். மேலே 'எங்கள் பக்கத்துக்கு நல்வரவு' என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண். நடுவில் பாய் கோட்டுப் போட்டுக்கொண்ட போட்டோ.

திறப்பு விழா அன்று அக்கா மவுஸைப் பிடித்து இழுத்தபோது அந்த வெள்ளைப் பகுதி முழுக்க நீலமாகி உள்ளே இருந்த எழுத்தெல்லாம் எழுந்து வந்தது.

"ஐயே, இன்னா தம்பி இது? பேய் மாதிரி உள்ள படுத்துக்கினு கீது?"

"அது நமக்கு இல்லக்கா. மிஷினு படிக்கறதுக்கு."

"மிஷினுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? டப்பு குடுக்கறது ஆளுதானே?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எண் மட்டும் ஏறியது. பாய் தினமும் காலையில் வந்ததும், "எவ்ளோ பேரு?" என்பார். சொல்வேன். "பாதி நானுதான் பாய், சும்மா சும்மா திறந்து பாக்கறேன்" என்று அக்கா ஒருநாள் சொல்லிவிட்டார். பாய் முகம் தொங்கிவிட்டது.

பிறகு போன் வரத் தொடங்கியது. சேலத்திலிருந்து ஒருவர் டேங்க் கேட்டார். ஹூப்ளியிலிருந்து ஒருவர் கோழிக்கூண்டு வலை கேட்டு, ஹிந்தியில் பேசி, நாங்கள் புரியாமல் விழிக்க, வைத்துவிட்டார். கொசு வலை கேட்டு அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா. பாய் ஒவ்வொருவருக்கும் "இருக்குங்க, குடுத்துடலாங்க" என்றார். விலை விசாரிக்க மேஸ்திரியை அந்தந்த ஷெட்டுக்கு அனுப்பினார். மேஸ்திரி தறியை விட்டுவிட்டு பேட்டை முழுக்கச் சைக்கிளில் சுற்றினார். "பாய், நான் மெஷ் பின்றவனா, போஸ்ட்மேனா?" என்று கேட்டார். விலை சொன்னால் அந்தப் பக்கம் ஆள் காணாமல் போய்விடுவார். மெஷ் கேட்டு மட்டும் ஒருவரும் பேசவில்லை.

நோன்பு தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது ஒரு நிஜமான ஆர்டர் வந்தது. சத்தியவேடு பக்கம் கிரஷர் வைத்திருக்கும் ஒரு தெலுங்குக்காரர். கல் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சுழலும் ரோலர் வேண்டும். பாதிப் பணம் முன்னாடியே கொடுத்தார். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. பின்தெரு ஷெட்டில் ரோலர் செய்யச் சொன்னார். அந்த ஷெட்டுக்காரரும் அதற்கு முன்னால் ரோலர் செய்ததில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. அவரும் இல்லை என்று சொல்லாத ஆள்தானே. பேட்டை வழக்கப்படி அவர் பைப்பை ஒரு இடத்தில் வாங்கினார், பேரிங்கை இன்னொரு இடத்தில் வாங்கினார். பெயிண்ட் அடித்து எங்கள் வாசலில் இறக்கியபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாங்களே டெம்போ பிடித்து அனுப்பினோம்.

கொஞ்ச நாளில் ஒரு டிராக்டர் எங்கள் கேட்டுக்குள் வந்து நின்றது. டிரெய்லரில் அத்தனை ரோலரும். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் கிரஷர்காரர் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தோம். ஆளைப் பார்த்தால் சண்டை போடுகிறவர் மாதிரி இல்லை. கீழே இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ஒரு ரோலரைத் தட்டிக் காட்டினார்.

"ஏமி பாய் இது? சுத்தவே மாட்டேங்குது. பேரிங் இறுகிப் போச்சு, பெல்ட்டு கிழிஞ்சு போச்சு. மிஷினு நின்னு போச்சு. லாரிகாரனுங்க வந்து வரிசையா நின்னுக்கினு என்னத் திட்றானுங்க."

பாய் எதையும் மறுக்கவில்லை. "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆவல. எங்க ஆவறது? விடியக்காலையிலேருந்து இதே பேஜாரு."

இட்லி வாங்கிவரச் சொன்னார். அவர் சாப்பிட்டார். கை கழுவ ஷெட்டுக்குள் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். மேஸ்திரி பழைய கம்பெனியின் மிச்ச ஆர்டருக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பி மடிந்து மடிந்து போய்ப் பின்னிக்கொண்டிருந்தது. சுவரோரம் முடிந்த வலைகள் சாய்ந்து நின்றன. கிரஷர்காரர் ஒன்றின் ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் வாசலுக்குப் போய் டிரெய்லரில் கிடந்த ஜல்லி ஒன்றை எடுத்துவந்து அதில் போட்டுப் பார்த்தார். விழுந்தது.

"இத யாரு செய்யறா?"

"நாங்கதான்" என்றார் பாய். "எங்க வேலையே இதுதான்."

அவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் மெஷ் விஜயவாடாவிலேருந்து கொண்டாறேன் நைனா. கிழிஞ்சா போன் பண்ணி, லாரியில போட்டு, அது வர்ற வரைக்கும் மிஷின நிறுத்தி வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருப்பேன். நீங்க இதோ பக்கத்துல இருந்துக்கினு எனக்கு ரோலரு வித்தீங்களா?"

"வெப்சைட்டுல போட்டிருக்கோமே சார், மெஷ்ஷுன்னு" என்றேன் நான்.

"எங்க போட்டிருக்க? நல்வரவுன்னு போட்டிருக்க. இவரு கோட்டு போட்டுக்கினு நிக்கிறாரு. ரோலருன்னு தேடுனேன், கும்மிடிப்பூண்டின்னு வந்துச்சு, பக்கம்தானேன்னு போன் பண்ணேன். மெஷ்ஷுன்னு தேடுனா நீ வரவே இல்லியே."

அக்கா பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டேன். "சார், மெஷ் கிழிஞ்சா நெட்டுல இன்னா தேடுவீங்க? அப்படியே சொல்லுங்க."

"நான் எங்க தேடறேன்? ஆபீஸ்ல ஒரு ஆளு கீறான், அவன் அடிப்பான். நான் பக்கத்துல நின்னு கத்துவேன்."

"இன்னான்னு கத்துவீங்க?"

"இருபது எம்எம் மெஷ் யார்கிட்ட ரெடியா கீது பாருடான்னு கத்துவேன். வேற இன்னா கத்தறது? பெரிய ஜல்லி சின்னதோட கலந்துக்கினு போவுது, லோடு திரும்பி வருது, அந்த நேரத்துல கோட்டு போட்ட ஆள்கிட்ட நல்வரவு வாங்கிக்கினு இருக்க முடியுமா?"

பாய்கூடச் சிரித்துவிட்டார். கிரஷர்காரர் போகும்போது இரண்டு மெஷ் எடுத்துக்கொண்டு போனார். கொடுத்த முன்பணத்தோடு கிழிந்த பெல்ட்டுக்கும் நின்ற மிஷினுக்கும் கணக்கு பார்த்து, மெஷ் விலை போக மீதியைப் பாயிடம் வாங்கிக்கொண்டார். பின்தெரு ஷெட்டுக்காரர் ரோலரைத் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதெல்லாம் எங்கள் பின்சுவரை ஒட்டி அடுக்கப்பட்டது. பல நாள் அதன்மேல் உட்கார்ந்துதான் ஆட்கள் சாப்பிட்டார்கள்.

இந்த விஷயத்தைப் பெரிய பாயிடம் சொல்ல வேண்டாம் என்றார் பாய். யாரும் சொல்லவில்லை.

மறுநாள் நான் பக்கத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். ஒன்று தெளிவாகிவிட்டது. நாங்கள் போட்ட வார்த்தையெல்லாம் எங்களிடம் என்ன கிடைக்கும் என்று நாங்கள் நினைத்தது. தேடுகிறவர் அதைத் தேடவில்லை. அவருக்கு ஒரு மிஷின் நின்றுபோயிருக்கிறது. ஓட்டையின் அளவு தெரியும், எவ்வளவு சீக்கிரம் என்பது தெரியும், எந்த ஊர் என்பது தெரியும். அவ்வளவுதான் அவர் வாயில் வரும். அதைத்தான் எழுத வேண்டும்.

அதற்கு முன்னால் மற்றதை எடுக்க வேண்டும். பாயை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ரோலர்?"

"எடு, எடு. அந்தப் பேரே சொல்லாதே."

"டேங்க்?"

"எடு."

"கேட்டு, கிரில்?"

"இருந்துட்டுப் போவட்டுமே தம்பி. அது சோறா கேக்குது?"

"அது இருந்தா மெஷ் கீழ போயிடும் பாய். ஒரு பக்கத்துல ஒரு சாமான்தான் இருக்கணுமாம். நூறு இருந்தா நூறுக்கும் அரைகுறையாதான் காட்டுமாம். அந்த வெள்ளை எழுத்து இன்னும் மோசம். கண்டுபுடிச்சா நம்ம பேரையே தூக்கிடுவாங்களாம்."

"கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"தெரியல. மெஷ்ஷுக்கு நம்ம பேரே வரலியே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடு" என்றார். கொசு வலை போயிற்று, பேரிங் போயிற்று. கடைசியில் மீன் காயப்போடும் வலை மட்டும் நின்றது. அக்காதான் குறுக்கே வந்தார். "அது நாம செய்யறதுதானே தம்பி? மெஷ்தானே? பொய் இல்லியே. தனியா ஒரு பக்கம் குடு, ஒரு ஓரமா கெடக்கட்டும்." அப்படியே செய்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்து இதுவரை யாரும் போன் செய்ததில்லை.

மெஷ்ஷுக்கு ஒவ்வொரு ஓட்டை அளவுக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் வைத்தேன். தலைப்பில் நல்வரவு கிடையாது. இருபது எம்எம் கிரஷர் மெஷ், கும்மிடிப்பூண்டி என்று போட்டேன். கம்பியின் தடிப்பு, ஓரத்துக் கொக்கி, எந்த மிஷினுக்குப் பொருந்தும் என்று கீழே எழுதினேன். ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, சூளூர்பேட்டை என்று கிரஷர் இருக்கும் ஊர்களை, எவ்வளவு நேரத்தில் அங்கே கொண்டுவந்து தருவோம் என்ற வாக்கியத்துக்குள் வைத்தேன். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதாமல், மேஸ்திரி எப்படிச் சொல்வாரோ அப்படி எழுதிப் பார்த்தேன். கோட்டுப் போட்ட போட்டோவை எடுத்துவிட்டு, ஓட்டைக்குள் ஜல்லி நிற்கும் போட்டோ போட்டேன். தேடும் மிஷின் படிப்பதற்காகப் படத்துக்குப் பின்னால் எழுதும் பெயரிலும் அளவைக் குறித்தேன்.

'ரெடியாக உள்ளது' என்று எழுதும் இடத்தில் கை நின்றது. ஏனென்றால் எதுவும் ரெடியாக இல்லை. அதுவரை ஆர்டர் வந்த பிறகுதான் பின்னுவோம்.

"பாய், இத எழுதணும்னா சாமான் இருக்கணும்."

பாய் மேஸ்திரியைக் கூப்பிட்டார். அன்று மத்தியானத்திலிருந்து தறிகள் நிற்கவில்லை. ஆர்டர் இல்லாமலே அதிகம் போகும் அளவுகளைப் பின்னிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். கம்பி வாங்கப் பாய் எங்கே புரட்டினார் என்று நான் கேட்கவில்லை. மேஸ்திரி மட்டும், "எழுத்துக்கு ஏத்த மாதிரி சாமான் செய்யறது இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பின்னினார்.

நோன்பு தொடங்கிவிட்டது. தேடும் மிஷின் எங்கள் பக்கத்தை உடனே பார்த்துவிடாது. அது வரும்போதுதான் வரும். நான் காலையில் வந்ததும் தேடிப் பார்ப்பேன், மெஷ்ஷுக்கு எங்கள் பேர் இருக்காது. பாய் ஒன்றும் கேட்க மாட்டார். பழைய பக்கத்தின் புண்ணியத்தில் இன்னும் சிலர் வேறு சாமான்கள் கேட்டு அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் நெல்லூரிலிருந்து ஒருவர் டேங்க் கேட்டார். பாய் போனை எடுத்து, "இருக்—" என்று தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"இல்லீங்க" என்றார். "டேங்க் நாங்க செய்யறது இல்லீங்க. மெஷ் மட்டும்தான். ஆமாங்க. இல்லீங்க."

வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவருக்கு வியர்த்திருந்தது.

"பாய், உசுரு கீதா?" என்றார் அக்கா.

"நோன்பு நேரத்துல என்ன பேச வைக்காதே" என்றார் அவர். ஆனால் அடுத்த போனில் அவ்வளவு வியர்க்கவில்லை.

பெருநாள் நெருங்கும்போது ஒரு காலை தேடினேன். மூன்றாவது பக்கத்தில் எங்கள் பேர் வந்தது. சில நாள் கழித்து இரண்டாவது பக்கம். அக்கா எழுந்துவந்து திரையில் விரல் வைத்துப் பார்த்தார், அழிந்துவிடுமோ என்கிற மாதிரி. அந்த வாரமே ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார்.

"இருபது எம்எம் மெஷ் ரெடியா கீதா?"

"கீதுங்க" என்றார் பாய்.

"எப்ப வந்தா கெடைக்கும்?"

"இப்ப வாங்க."

"நெட்டுல இன்னா அடிச்சீங்கன்னு கேளுங்க பாய்" என்று நான் கிசுகிசுத்தேன். கேட்டார். அவர் சொன்னதை அக்கா எழுதிக்கொண்டார். மத்தியானம் டெம்போ வந்து, நான்கு வலை ஏற்றிக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் யார் பேசினாலும் என்ன அடித்துத் தேடினீர்கள் என்று கேட்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அவர்கள் சொன்ன வார்த்தையைத்தான் பக்கத்தில் சேர்ப்பேன். நானாக ஒன்றும் சேர்ப்பதில்லை.

பெருநாள் முடிந்த வாரம் பெரிய பாய் காரில் வந்து இறங்கினார். ஷெட்டை வாங்கும் பார்ட்டியை உடன் அழைத்துவருவார் என்றுதான் எதிர்பார்த்தோம். மேஸ்திரி காலையிலிருந்து தறியை ஓட்டாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பின்சீட்டிலிருந்து இறங்கியது ஒரு ஸ்வீட் பெட்டிதான்.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்தார். இந்த முறை ஐந்து பேரும் இருந்தோம். அவர் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"கடைக்குப் பக்கத்துல ஒருத்தன் கம்ப்யூட்டர் வெச்சிக்கினு கீறான். அவனாண்ட உங்க பேர சொல்லல. கிரஷர் மெஷ் வேணும், பக்கத்துல யாரு தருவாங்க, அடிச்சுப் பாருன்னேன். ரெண்டாவது பேரு நம்மளது."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"முதல் பேரு இன்னொருத்தன் கீறானே, அவன் யாரு?"

பாய் சிரித்துவிட்டார். பெரிய பாய் சிரிக்கவில்லை. "பார்ட்டிய வர வேணாம்னுட்டேன். அடுத்த பெருநாள் வரைக்கும் பாப்போம்" என்றார்.

மேஸ்திரி வாசலிலிருந்து தறிப்பக்கம் போய்விட்டார். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. அப்போது போன் அடித்தது. பெரிய பாய் கைக்குப் பக்கத்தில் இருந்ததால் அவரே எடுத்தார். "ஆமா... கொசு வலையா? இருக்கே. எவ்ளோ வேணும்? வாங்க, குடுத்துடலாம்..."

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். பாய் அண்ணன் கையிலிருந்து போனை வாங்கி, "இல்லீங்க, அது எங்ககிட்ட இல்லீங்க" என்று சொல்லி வைத்தார்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் பெரிய பாய். "வாசல் தேடி வர்ற கிராக்கிய இல்லன்னு சொல்லி அனுப்பறே? வாப்பா இருந்தா உன்ன இன்னா கேட்டிருப்பாரு? எதிர்ல வாங்கிக் குடுத்தா போச்சு."

"அப்படி ஒரு தடவ வாங்கிக் குடுத்தேன்" என்றார் பாய். ஜன்னல் பக்கம் கை காட்டினார். பின்சுவரோரம் ரோலர்கள் அடுக்கிக் கிடந்தன. பெயிண்ட் வெளுத்துப்போயிருந்தது. அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். சத்தியவேட்டுக்காரர் கதையை முழுவதும் சொன்னார். டிராக்டர் வந்தது, இட்லி, கட்டைவிரல், ஜல்லி, எல்லாம். பெரிய பாய் எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல எவ்ளோ போச்சு?"

பாய் அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ரோலர், கிழிஞ்ச பெல்ட்டு, நின்ன மிஷினு, போன டெம்போ, வந்த டிராக்டர் என்று விரல் மடித்துக்கொண்டே வந்து, இட்லிக்கு ஒரு விரலை மடித்து, அதை மட்டும் மறுபடியும் பிரித்துவிட்டுச் சொன்னார்.

"ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபா."